நடுமூளைத் தகைவிலான்

பெருமூளைக்குக் கீழே, முதுகுத்தண்டை நோக்கி இறங்கும் தண்டின் உச்சியில் நடுமூளை என்று ஓர் இடம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். கண்ணை மேலும் கீழும் திருப்புவதும், எழுந்து முதல் அடி எடுத்து வைப்பதும், சட்டைப் பொத்தானை நிதானமாகப் போடுவதும் இந்தச் சிறிய இடம் சரியாக இருந்தால்தான் நடக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இரும்புச்சத்தைக் கறுப்பாகக் காட்டும் முறையில் இதன் குறுக்குவெட்டைப் படமெடுத்துப் பார்த்தால், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு கருந்திட்டுகள் சாய்வாகக் கிடக்கும். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பது அவற்றின் பெயர். நோயில்லாதவரின் படத்தில் ஒவ்வொரு திட்டின் பின்கோடியும் இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவுக்குள் வெள்ளையாக ஒரு கீற்று. கரிய நுனி, வெளிச்சம், மறுபடி கரிய நுனி. தகைவிலான் குருவி வளைந்து திரும்பும்போது வால் கவைபோல் விரியுமே, அதே வடிவம். 2014இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆய்வாளர்கள் இதற்குத் தகைவிலான் வால் என்றே பெயரிட்டு எழுதினார்கள்.

நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய் வந்தவரின் படத்தில் இந்த வால் இருக்காது. வெள்ளைக் கீற்று அணைந்து, கவை மூடி, முழுத்திட்டும் ஒரே கறுப்பாகிவிடும்.

எத்தனை முறை பார்த்தாலும் இந்தப் படம் எனக்கு அலுக்கவில்லை. ஸ்கேனில் நோய் தெரிகிறது என்றால் ஏதோ புதிதாக முளைத்திருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கட்டியோ, ரத்தக்கசிவோ, அடைப்போ இருக்கும்; சுட்டிக்காட்ட ஒரு பொருள் இருக்கும். இங்கே சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில் இருந்திருக்க வேண்டிய வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். இல்லாததைப் பார்க்க, இருந்தால் எப்படி இருக்கும் என்பதை மனப்பாடமாக அறிந்த கண் வேண்டும். மூளை தேய்ந்துபோகும் நோய்களைப் படம்பிடிக்கும் கலையில் நான் ரசிப்பதெல்லாம் அந்தக் கண்ணைத்தான்.

அந்தக் கீற்று என்ன என்பதற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. 1919இல் பாரிஸில் கான்ஸ்டன்டின் திரெத்யாக்கோஃப் தம்முடைய ஆய்வேட்டில், நடுக்குவாதத்தில் கெடுவது இந்தக் கருந்திட்டுதான் என்று காட்டினார். எண்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், டாமியே, ஹிர்ஷ், அஷீத், கிரேபியேல் என்ற நால்வர் கருந்திட்டுக்குள் இருக்கும் டோபமின் நரம்பணுக்களை எண்ணி வரைபடம் போட்டார்கள். அணுக்கள் சீராகப் பரவியிருக்கவில்லை. அவற்றில் ஒரு பகுதி ஐந்து கொத்துகளாகத் திரண்டிருந்தது. கொத்துகளில் பெரிய முதல் கொத்து, திட்டின் பின்பகுதியில் வெளியோரமாக இருந்தது. நோயாளிகளில் அந்தக் கொத்தின் டோபமின் அணுக்களில் 98 விழுக்காடு அழிந்திருந்தன. இரும்பு மிகுந்த கறுப்புக்கு நடுவே இரும்பு குறைந்த இடம் அது. அதனால்தான் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, தகைவிலானின் வாலைப் பிளப்பது, நோய் எந்த இடத்தை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தின்கிறதோ அதே இடம்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நரம்பு நோய்க்குறியியல் அறிஞர் எஸ்.கே. சங்கரின் பல்லாண்டு உழைப்பில் உருவானது. அங்கே பாடம்செய்த மூளையைப் பொதுமக்கள் கையில் ஏந்திப் பார்க்கவும் விடுகிறார்கள். குறுக்கே அரிந்த நடுமூளையில் இந்தக் கருந்திட்டு வெறும் கண்ணுக்கே தெரியும். மை தீட்டியதுபோல் இருக்கும். நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் நடுமூளையில் அந்த மை வெளிறிப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்தக் கறுப்பு, நியூரோமெலனின் என்ற நிறமியால் வருவது. எம்.ஆர்.ஐ. காட்டும் கறுப்போ இரும்பால் வருவது. இன்னும் நுட்பம் இருக்கிறது. 2006இல் ஜப்பானில் சசாகி குழுவினர் வேறொரு முறையில் படமெடுத்தார்கள். அதில் நியூரோமெலனின் இருக்கும் இடம் வெள்ளையாக ஒளிர்ந்தது. நோயாளிகளிடம் அந்த ஒளி மங்கியிருந்தது. மேசைமேல் கறுப்பு, ஒரு படத்தில் வெள்ளைக் கீற்றுள்ள கறுப்பு, இன்னொரு படத்தில் முழு வெள்ளை. மூன்றும் ஒரே இடம். மூன்றிலும் நோய் வந்தால் எதிர்நிறம். காந்தத்திடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் வருகிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காந்தத்தின் பதிலைக் கேட்கும் முறையிலும் ரசிக்க ஒன்று உண்டு. 3 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. அதற்குள் படுத்திருப்பவரின் உடம்புநீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நொடிக்குச் சுமார் 12.8 கோடி முறை சுற்றாடுகின்றன. அவை திருப்பி அனுப்பும் சைகையில் இரண்டு செய்திகள் உண்டு: சைகை எவ்வளவு பலமானது, சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது. நெடுங்காலமாகப் பலத்தை மட்டும் எடுத்துப் படமாக்கி, கட்டத்தைக் கழித்துப் போட்டுவந்தார்கள். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் இம்மியளவு பிசகும். அந்தப் பிசகு பதிவாகியிருப்பது பெரும்பாலும் கழித்துப் போட்ட பாதியில். மார்க் ஹாக்கேயும் அவருடைய சகாக்களும் 1997இல், மூளையின் மிகச் சிறிய சிரைகளைப் பார்ப்பதற்காக அந்தப் பாதியைத் திரும்ப எடுத்தார்கள். கட்டத்திலிருந்து ஒரு மறைப்புப் படம் செய்து, பலத்தின் படத்தோடு வழக்கமாக நான்கு தடவை பெருக்கினார்கள். ஒவ்வொரு பெருக்கலிலும் இரும்புள்ள இடம் இன்னும் கறுத்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ரமேஷ் வெங்கடேசனும் ஒருவர்; எம்.ஆர்.ஐ. இயற்பியலைக் கற்பவர்கள் தவறாமல் புரட்டும் தடித்த பாடநூலின் ஆசிரியர் வரிசையிலும் அவர் பெயர் உண்டு. ரத்தநாளத்துக்காகத் தொடங்கிய வேலை, பதினேழு ஆண்டு கழித்து நடுமூளையில் ஒரு குருவியைக் காட்டித்தந்திருக்கிறது.

இந்த வாலை முதலில் எனக்குக் கண்ணெதிரே காட்டியவர் தளேகாவில் எங்கள் சொசைட்டியில் குடியிருக்கும் ஒரு ரேடியாலஜி மருத்துவர், மராத்திப் பெண். புனேக்கும் லோனாவாலாவுக்கும் இடையே உள்ள ஊர் இது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நண்பர் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக அவருடைய வலக்கை, சும்மா மடியில் கிடக்கும்போது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டம்ளரை எடுக்கப் போனால் ஆட்டம் நின்றுவிடும். கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போயிற்று. லோக்கல் ரயிலில் புனே போய் 3 டெஸ்லா மெஷினில் படமெடுத்து வந்தார். உறையில் பெரிய ஃபிலிம்கள், கூடவே ஒரு சி.டி. நம் வீடுகளில் இந்த உறை பீரோமேல் ஏறினால் அடுத்த நோய்க்குத்தான் இறங்கும். இந்தத் தடவை மருத்துவரின் சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

"காகா, ஃபிலிம் வேண்டாம், சி.டி.யைக் குடுங்க" என்று வாங்கி லேப்டாப்பில் போட்டார். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட, வெட்டு வெட்டாக மூளை கீழிறங்கியது. மடிப்புகள் போயின, நீரறைகள் வந்து போயின. சட்டென்று விரல் நின்றது. "இங்கே பாருங்க." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் உடனே நண்பரின் படத்தை விட்டுவிட்டு, பெயரை மறைத்து வைத்திருந்த நோயற்ற ஒருவரின் படத்தை எடுத்தார். அதில் வாலை என் கண் பிடிக்கும்வரை காத்திருந்தார். பெரிதாக்கினார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார், ஒரு வெட்டு மேலே போனார், ஒரு வெட்டு கீழே வந்தார். மேலே போனால் வால் இல்லை, கீழேயும் இல்லை. சரியான அந்த இரண்டு மூன்று வெட்டுகளில் மட்டும் விரிந்தது. பிறகுதான் நண்பரின் படத்துக்குத் திரும்பினார். திரையின் வலப்பக்கம் கறுப்பு முழுசாக மூடியிருந்தது. இடப்பக்கம் கீற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மங்கியிருந்தது. "படத்துல வலம் இருக்கிறது அவருக்கு இடம். இட மூளை கெட்டா வலக் கை ஆடும்."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வெல்டிங்ல ஏர் கேப் இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம். நீங்க இங்க கேப் இல்லையேன்னு பாக்குறீங்க" என்றார். மருத்துவர் தலையாட்டினார். "ஆனா காகா, இதை வெச்சு மட்டும் நான் நோய்ப் பேரை எழுத மாட்டேன். உங்க மணிக்கட்டைப் பிடிச்சு அசைச்சுப் பாத்த நியூராலஜிஸ்ட்தான் சொல்லணும்."

அவர் சொன்னது முக்கியம். படமெடுக்கும் கோணம் கொஞ்சம் சாய்ந்தாலும் வால் மறையும். நோயில்லாத சிலருக்கும் ஒரு பக்கம் தெளிவாகத் தெரியாது. நடுக்குவாதத்தைப்போலவே தோன்றும் வேறு சில நோய்களிலும், லூயி உடல் மறதிநோயிலும்கூட வால் அழியும். தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகாலை வீசுகிறவர்களில் சிலருக்கு, கை ஆடத் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. இத்தனையும் தெரிந்துதான் அந்தக் கண் நிதானமாகப் பார்க்கிறது. எது தெரிகிறது என்பதோடு, எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதும் அதற்குத் தெரியும். இந்த அடக்கத்தை நான் அந்தப் படத்துக்குச் சமமாக மதிக்கிறேன்.

ஐயம் தீராவிட்டால் டிரோடாட் என்ற இன்னொரு ஸ்கேன் உண்டு. டோபமின் நரம்புநுனிகளில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படமெடுப்பார்கள். நோயில்லாதவருக்கு இருபக்கமும் ஒவ்வொரு காற்புள்ளி ஒளிரும். நோய் வந்தால் காற்புள்ளியின் வால் தேய்ந்து முற்றுப்புள்ளியாகும். இங்கேயும் அறுந்துபோவது ஒரு வால்தான்.

அதே நடுமூளையை இப்போது பக்கவாட்டில், மூக்கின் நேர்க்கோட்டில் வெட்டிப் பார்ப்போம். நடுமூளையின் மேல்விளிம்பு இயல்பாகப் புடைத்திருக்கும். அதன் கீழே பான்ஸ் என்ற பகுதி தொந்திபோல் முன்தள்ளி நிற்கும். படிப்படியாகக் கூடும் மேல்கருப் பக்கவாதம் என்று ஒரு நோய். 1964இல் டொராண்டோவைச் சேர்ந்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் விரித்து எழுதியது. இந்த நோயாளிக்குக் கண்ணைக் கீழே இறக்க முடியாது. தட்டில் இருக்கும் சோறு தெரியாது, படி தெரியாது. காரணமே இல்லாமல் மல்லாந்து விழுவார். தொடக்கத்தில் நடுக்குவாதம் என்றே பலர் நினைத்து, அதற்கான மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் நடுமூளை மட்டும் வற்றி, புடைப்பு தட்டையாகி, குழிந்தும் போயிருக்கும். பான்ஸ் அப்படியே இருக்கும். நீண்ட மெல்லிய அலகும் சின்னத் தலையும் பருத்த வயிறுமாக, ரீங்காரச் சிட்டு ஒன்று பக்கவாட்டில் நிற்கும். சிலர் கண்ணுக்கு அது பென்குயின்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஓபா என்பவரின் குழு 2005இல் வெளியிட்ட அளவுகளில், நோயற்றவர்களின் நடுமூளை அந்த வெட்டில் சராசரியாக 118 சதுர மில்லிமீட்டர். இந்த நோயாளிகளுக்கு 56. நடுக்குவாதக்காரர்களுக்கு 103, இயல்பிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. பாதியாகக் குறைந்த அந்த ஒரு விரல்நக அளவுப் பரப்பு, இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஒருவருக்கு மாத்திரை பல ஆண்டு நடமாட்டத்தைத் தரும். இன்னொருவர் வீட்டில் அன்றே படிக்கட்டுக்குக் கைப்பிடி போட வேண்டும்.

மூன்றாவது முகம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. 1912இல் கின்னியர் வில்சன் எழுதிய நோய். ஏ.டி.பி.7பி என்ற மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாக வந்தால், கல்லீரலால் செம்பை வெளியேற்ற முடியாது. செம்பு கல்லீரலிலும் மூளையிலும் சேரும். கருவிழியின் ஓரத்தில் பொன்பழுப்பு வளையமாகவும் படியும். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள். வாய் குழறும், எச்சில் வடியும், கை இறக்கைபோல் அடிக்கும். சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் இந்த நோய்க்கு வாய்ப்பு கூடுதல். நிம்ஹான்ஸின் தாலி, மீனாட்சிசுந்தரம், சின்ஹா குழுவினர் முப்பது ஆண்டுகளில் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007இல் எழுதினார்கள். உலகத்தில் இவ்வளவு பேரை ஓரிடத்தில் தொடர்ந்து பார்த்த தொகுப்புகள் மிகச் சில.

இவர்களின் நடுமூளைக் குறுக்குவெட்டில் சில வேளை பாண்டா கரடியின் முகம் தெரியும். கறுத்த இரு கண்கள், கறுத்த காதுகள், கீழே கறுத்த முகவாய், சுற்றிலும் வெள்ளை. பார்த்தவுடன் அந்தக் கறுப்புகள்தான் நோய் என்று தோன்றும். உண்மை நேரெதிர். கண்களாகத் தெரிபவை இயல்பிலேயே கறுப்பாக இருக்கும் செங்கருக்கள். காதுகள், நம் பழைய கருந்திட்டின் வெளிப்பகுதி. அவை கெடாமல் அப்படியே இருக்கின்றன. கெட்டது சுற்றியுள்ள வெள்ளை. நோய் பின்னணியை வெளுத்துவிட, தப்பித்தவை எல்லாம் சேர்ந்து ஒரு முகமாகிவிடுகின்றன. சிலருக்குக் கீழே பான்ஸில் குட்டிப் பாண்டா ஒன்றும் சேர்ந்து தெரியும். நிம்ஹான்ஸ் கணக்கில் ஏழெட்டு நோயாளிகளில் ஒருவருக்குத்தான் இந்த முகம் முழுசாக அமைகிறது. ஆகவே இதற்காகக் காத்திருக்காமல், மற்ற இடங்களின் வெளுப்பையும் கண்ணின் வளையத்தையும் சேர்த்துத்தான் நோயை முடிவு செய்கிறார்கள். பாண்டாவிடம் எனக்குத் தனிப்பிரியம் வரக் காரணம், இது போகக்கூடிய முகம் என்பதே. 1956இல் ஜான் வால்ஷ் பெனிசில்லமின் மருந்தைக் கொண்டுவந்தார். அது செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். துத்தநாகமும் உதவும். வேளையோடு தொடங்கி விடாமல் சாப்பிட்ட பிள்ளைகள் பலருக்குப் பேச்சு திரும்புகிறது, எழுத்து திரும்புகிறது. படத்தின் வெளுப்பும் குறைந்து, முகம் கலைந்து, சாதாரண நடுமூளை திரும்பி வருவதுண்டு. மூளை தேயும் நோய்களின் பெரிய பட்டியலில் இப்படி ஒரு படவரிசையைப் பார்க்கக் கிடைப்பது அரிது.

அழிந்த வால், குழிந்த விளிம்பு, வெளுத்த பின்னணியில் எஞ்சிய முகம். மூன்றிலும் படிப்பவருக்கு முதலில் வேண்டியது நல்ல மூளையின் நினைவு. யாருடைய நல்ல மூளை? உலகத்தின் மூளைப்பட மென்பொருள்களில் பெரும்பாலானவை அளவுகோலாக வைத்திருப்பது, கனடாவின் மாண்ட்ரியலில் 152 இளைஞர்களைப் படமெடுத்துச் சராசரியாக்கிய வார்ப்பு. 2019இல் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஜெயந்தி சிவசாமியின் குழு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தோடு சேர்ந்து, நோயற்ற 100 இந்தியர்களின் படங்களிலிருந்து ஒரு வார்ப்பைச் செய்தது. நம் சராசரி மூளை அந்த மேற்கத்திய வார்ப்பைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சற்றுச் சிறியது. சிறியது என்பதில் குறை எதுவும் இல்லை. ஆனால் பிறர் அளவுகோலை நம் தாத்தாவின் தலைமேல் வைத்தால், அவர் மூளை சுருங்கிவிட்டதாகக் கணிப்பொறி சொல்லக்கூடும். நிம்ஹான்ஸும் 2020இல், 6 வயது முதல் 60 வரை 466 படங்களைக் கொண்டு ஐந்து வார்ப்புகளை வெளியிட்டது.

அறுபதுக்கு மேல்தான் நமக்கு வேண்டியதே தொடங்குகிறது. அந்த வயது மூளைகளைப் படமெடுக்கும் வேலை கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், மாம்பழத்துக்குப் பேர்போன ஸ்ரீநிவாசபுரத்தில் நடக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் தலைமையில், 2018இல் இதைத் தொடங்கியது. அந்தத் தாலுகாவின் கிராமங்களில் 45 வயது கடந்த, மறதிநோய் இல்லாத 10,000 பேரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தொடர்வது நோக்கம். கன்னடமும் தெலுங்கும் பேசும் ஊர்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் உண்டு. அதனால் நினைவாற்றல் சோதனைகளையும் அவர்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தார்கள். ரத்தம், மரபணு, விழித்திரை ஆகியவற்றோடு 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கிறார்கள்.

இந்தப் பரிசோதனைக்கு வருவது எளிதல்ல என்பதை ஒருமுறை ஸ்கேன் வாசலில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத பெண்கள், வெறும் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். தலைக்கு இருபுறமும் பஞ்சு வைத்து இறுக்குவார்கள். தட்டலும் உறுமலுமான சத்தத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். நோய் இருப்பவர் குணமாகலாம் என்ற நம்பிக்கையில் கிடப்பார். ஸ்ரீநிவாசபுரத்து விவசாயிகள் எந்த நோயும் இல்லாமல் போய்க் கிடக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கடைசிவரை மறதியும் வராது, கையும் ஆடாது. எழுபது வயதில் நடுமூளை எவ்வளவு மெலிவது இயல்பு, கருந்திட்டில் எவ்வளவு இரும்பு சேர்வது இயல்பு என்று நம் மருத்துவர்கள் நாளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவர்களுடைய படங்களைத்தான்.